கட்டணக் கணக்கும் நம் பாடமே

“நீ படிப்பை மட்டும் பாரு. காசை நாங்க பார்த்துக்கிறோம்.”

பல்கலைக்கழகத்திற்குப் பெட்டி கட்டும் நாளில் இந்த வார்த்தையைக் கேட்காத பிள்ளைகள் நம்மிடையே குறைவு. லாரி ஓட்டும் அப்பாவும் இதைத்தான் சொல்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அம்மாவும் இதைத்தான் சொல்கிறார். தாங்கள் பட்ட கவலை பிள்ளைக்கு வரக்கூடாது என்ற அன்பு அது. அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால், பதினெட்டு வயதைத் தாண்டிய நாம் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு, மூன்று நான்கு ஆண்டுகள் கட்டணக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் இருப்பது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து. முதுகலைப் படிப்பை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

எஸ்.பி.எம். வரை நிலைமை வேறு. பள்ளிக் கட்டணம், டியூஷன், வேன் வாடகை என எல்லாம் பெற்றோர் கையில் இருந்தது. இருக்க வேண்டியதும் அங்கேதான். உயர்கல்விக்கூடத்தில் கால் வைத்ததும் கணக்கு நம் பெயருக்கு மாறிவிடுகிறது. கட்டண ரசீது நம் மாணவர் எண்ணில் வருகிறது. தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன்னின் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நாம். அதைத் திருப்பிச் செலுத்தாமல் விட்டால் கடன் தகவல் பதிவேட்டில் ஏறுவதும் நம் பெயர்தான். பின்னாளில் கார் வாங்கவோ வீடு வாங்கவோ வங்கிக்குப் போனால், அங்குள்ள அதிகாரி புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். பெயர் நம்முடையது, கையெழுத்து நம்முடையது, பின்விளைவும் நம்முடையது. அப்படியிருக்க, கணக்கு மட்டும் எப்படி அப்பாவுடையதாக இருக்க முடியும்?

இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பலருடைய பெற்றோருக்கு அந்தக் கணக்கைப் படிக்கவே வாய்ப்பில்லை. அது மாணவர் போர்ட்டலுக்குள் இருக்கிறது; கடவுச்சொல் நம்மிடம் இருக்கிறது. மொழியோ மலாய் அல்லது ஆங்கிலம். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த நமக்குத்தான் மூன்று மொழியும் கைவசம். வீட்டில் அந்த அறிக்கையைப் படித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பெரும்பாலும் நாம்தான்.

படிப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மலாயில் ‘பாக்கி’ என்றால் மீதம் இருப்பது என்று பொருள். வங்கிக் கணக்கில் ‘பாக்கி’ 500 ரிங்கிட் என்றிருந்தால், நம் கையில் 500 ரிங்கிட் இருக்கிறது என்று அர்த்தம். தமிழில் நாம் பாக்கி என்றால் கொடுக்க வேண்டிய கடன். ஒரே ஒலி, நேர் எதிரான செய்தி. அதுபோல, ஆங்கில அறிக்கையில் ‘அவுட்ஸ்டேண்டிங்’ என்று இருந்தால் யாரும் நம்மைப் பாராட்டவில்லை. இன்னும் கட்டவில்லை என்று சொல்கிறார்கள். மாணவர் கணக்கில் பொதுவாக ‘டெபிட்’ பகுதியில் இருப்பது நம்மிடம் கேட்கப்படும் கட்டணம். ‘கிரெடிட்’ பகுதியில் இருப்பது நாம் கட்டியதும் நமக்காகக் கட்டப்பட்டதும். சில அறிக்கைகளில் இறுதித் தொகைக்கு முன் கழித்தல் குறி இருந்தால், நாம் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம் என்று பொருள். பயந்துபோய் மறுபடியும் பணம் கட்டுவதற்கு முன் நிதிப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். என் தோழி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளுடைய அப்பா செமஸ்டர் கட்டணத்தை முழுதாகக் கட்டியிருந்தார். ஜோம்பே வழியாகக் கட்டும்போது மாணவர் எண் இருக்க வேண்டிய இடத்தில் தம் கைத்தொலைபேசி எண்ணைப் போட்டுவிட்டார். பணம் போய்ச் சேர்ந்தது. யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. நோட்டீஸ் மூன்று முறை அவளுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. ‘அப்பா கட்டிட்டாரு’ என்ற நம்பிக்கையில் அவள் திறந்து பார்க்கவில்லை. அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதியப் போன அன்றுதான் கணக்கு முடக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ரசீதைத் தேடி எடுத்து, கடிதம் எழுதி, அது சரியாவதற்குள் அவள் விரும்பிய பாடத்தில் இடம் நிரம்பிவிட்டது. பணம் இல்லாததால் வந்த சிக்கல் இல்லை இது. பணம் ஒருவர் பொறுப்பிலும் கணக்கு இன்னொருவர் பெயரிலும் இருந்ததால் வந்தது.

இளங்கலையில் இத்தகைய தவறுகளைச் சமாளித்துவிடலாம். முதுகலைக்கு வரும்போது கணக்கு கடுமையாகிறது.

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பிடிபிடிஎன் முக்கியமாக டிப்ளோமா, இளங்கலை மாணவர்களை மனத்தில் கொண்டு இயங்குகிறது. முதுகலைக்குப் போகிறவருக்கு அந்த அளவுக்கு அகலமான கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில், அதாவது 2011 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில், மைபிரைன்15 என்ற திட்டம் பலருடைய முதுகலை, முனைவர் படிப்புக் கட்டணத்தை ஏற்றது. பிறகு அதற்குப் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. ‘நான் படிக்கும்போது அரசாங்கமே கட்டுச்சு’ என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது அவருடைய காலம். நாம் விண்ணப்பிக்கும் ஆண்டில் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இதே நேரத்தில் பழைய கடனும் கதவைத் தட்டும். படிப்பு முடிந்து 12 மாதங்களுக்குப் பிறகு பிடிபிடிஎன் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். இளங்கலை முடித்த சில மாதங்களில் முதுகலையில் சேர்ந்தவருக்கு, அந்த 12 மாதம் சரியாகப் படிப்பின் நடுவில் வந்து நிற்கும். மேற்படிப்பைத் தொடர்பவர்கள் தவணையை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பித்தால்தான் அது கிடைக்கும்; தானாக நடக்காது. கணக்கைப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

பெற்றோரின் சேமிப்பைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். ‘கடன் வேண்டாம்பா, இபிஎஃப்-ல இருந்து எடுத்துக்கலாம்’ என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். கடனுக்குப் பயப்படும் குடும்பத்தில் இது பொறுப்பான முடிவுபோலத் தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவருடைய இளங்கலைக்கு 20,000 ரிங்கிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். பிடிபிடிஎன் கடனுக்கு உஜ்ரா எனப்படும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. பத்தாண்டுகளில் திருப்பிச் செலுத்தினால், அந்தக் கட்டணம் ஏறக்குறைய 2,000 ரிங்கிட். மொத்தம் 22,000, மாதத்திற்குச் சுமார் 183 ரிங்கிட். நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முதல் வகுப்பில் தேர்ச்சி பெறுபவர்களுக்கு அந்தக் கடனிலிருந்தே விலக்கும் உண்டு.

அதே 20,000 ரிங்கிட்டை அப்பாவின் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? வழக்கமான சேமிப்புக்கு இபிஎஃப் அறிவித்த இலாப ஈவு 2022இல் 5.35 விழுக்காடு, 2023இல் 5.50, 2024இல் 6.30. ஒவ்வோர் ஆண்டும் இப்படியே கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. 5 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், எடுக்காமல் விட்ட 20,000 ரிங்கிட் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 32,500 ஆகியிருக்கும். சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச ஈவான 2.5 விழுக்காடு மட்டுமே கிடைத்தால்கூட 25,600. அதாவது, 2,000 ரிங்கிட் செலவைத் தவிர்ப்பதாக நினைத்து, அப்பாவின் முதுமைக் காலத்திலிருந்து அதைவிடப் பல மடங்கு பெரிய தொகையை எடுத்துவிடுகிறோம்.

2024 மே மாதம் முதல் இபிஎஃப் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது: ஓய்வுக்காலக் கணக்கிற்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்கிற்கு 15, பிளெக்சிபல் கணக்கிற்கு 10. கல்விக்கான பணம் அந்த 15 விழுக்காடு சேரும் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. வீட்டுக்கும் மருத்துவத்திற்கும் அதே கணக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அண்ணனின் இளங்கலைக்காக அதைத் துடைத்துவிட்டால், அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று வரும்போதோ, தங்கையின் முதுகலைக்கோ அங்கே ஒன்றும் இருக்காது.

எனவே, எந்தக் கட்டத்தில் எந்தப் பணத்தைத் தொடுவது என்ற வரிசை முக்கியம். குறைந்த கட்டணத்தில் கடன் கிடைக்கும் இளங்கலைக்குக் கடனைப் பயன்படுத்துவது. குடும்பச் சேமிப்பைக் கடைசி வரிசையில் வைப்பது. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கடனை நாம் மாதந்தோறும் கட்ட வேண்டும். கடனை எடுத்துவிட்டுக் கட்டாமல் விடுவதாக இருந்தால் நான் போட்ட கணக்கெல்லாம் வீண். நமக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கும் அது துரோகம்.

முதுகலைக்கு என்ன வழி என்று கேட்கலாம். வழிகள் உண்டு, ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஓராண்டாவது முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆய்வு வழி முதுகலையில் சேர நினைப்பவர், பதிவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: உங்களிடம் ஆய்வு மானியம் இருக்கிறதா? அதில் ஆய்வு உதவியாளருக்கு இடம் இருக்கிறதா? எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற அரசாங்க ஆய்வு மானியங்களின் வழி முதுகலை மாணவர்களை உதவியாளர்களாக எடுத்து மாத உதவித்தொகை கொடுக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த மானியம் எப்போது முடிகிறது என்பதையும் கேட்டுவிட வேண்டும். மானியம் முடிந்தால் உதவித்தொகை நின்றுவிடும்; ஆய்வேடு முடியவில்லை என்றால் செமஸ்டர் கட்டணம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஆய்வு வழிப் படிப்பில் தாமதத்திற்கு விலை உண்டு என்பதைச் சேரும்போதே அறிந்திருப்பது நல்லது.

பாடநெறி வழி முதுகலையை வேலை செய்துகொண்டே மாலை நேரத்திலோ வார இறுதியிலோ படிக்கலாம். அப்படிச் சொந்தச் சம்பளத்தில் படிப்பவருக்கு, எந்தத் துறையில் முதுகலை படித்தாலும், வருமான வரியில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கல்விக் கட்டணக் கழிவு உண்டு. அதற்கு ரசீது வேண்டும். அந்த ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்தவும் வேண்டும். வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கும் வேலை அனுபவம் வீண் போகாது. பிரிட்டனின் செவனிங் உபகாரச் சம்பளத்திற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்த கையோடு மேலே படிக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் நம் வீடுகளில் அதிகம். இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டுப் போவது தோல்வியல்ல. பல நேரங்களில் அதுவே மலிவான பாதை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மறுப்பு எழும். அதை நான் மதிக்கிறேன். ‘பிள்ளைக்குச் செலவு தெரிந்தால், பாரமாக இருக்கக் கூடாது என்று படிப்பையே விட்டுவிடும். அதனால்தான் சொல்வதில்லை’ என்கிறார்கள் பெற்றோர். இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. குறிப்பாக, மூத்த பெண்பிள்ளைகள் தம்பி தங்கைகளுக்காகத் தங்கள் முதுகலை ஆசையைச் சத்தமில்லாமல் மடித்து வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அவர்கள் விட்டுக்கொடுத்தது கணக்கு தெரிந்ததாலா? பெரும்பாலும், பாதி மட்டும் தெரிந்ததால்தான். அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது தெரியும். மீதம் எவ்வளவு, வேறு வழி என்ன என்பது தெரியாது. பணக் கஷ்டத்தைச் சுவருக்கு அப்பால் கேட்கும் பிள்ளைக்கு அதன் அளவு தெரிவதில்லை. அதனால் அது மலைபோலத் தெரிகிறது. 18,000 ரிங்கிட் என்று எழுதிப் பார்த்தால், அதை நான்கு செமஸ்டராகப் பிரிக்கலாம், ஒரு பகுதிக்கு உதவித்தொகை தேடலாம், ஓராண்டு தள்ளிப்போடலாம். அளவு தெரிந்த பாரத்தைத்தான் நாலு பேர் சேர்ந்து தூக்க முடியும்.

மறைப்பதால் இன்னோர் ஆபத்தும் உண்டு. வீட்டில் கேட்கக் கூச்சப்படும் மாணவன் வெளியே கேட்கிறான். ‘உன் வங்கி அட்டையைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்று டெலிகிராமில் வரும் அழைப்புகள் குறிவைப்பது இப்படிப்பட்டவர்களைத்தான். வங்கிக் கணக்கை இரவல் கொடுப்பது குற்றம். அதற்காகப் போலீஸ் நிலையம் போகும் நிலை வந்தால், பிறகு முதுகலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மாணவர்கள் மீது மட்டும் பொறுப்பைச் சுமத்துவதும் நியாயமில்லை. உயர்கல்விக்கூடங்கள் செய்ய வேண்டியவை இருக்கின்றன. நூலக அபராதம், விடுதிச் சாவிக் கட்டணம் போன்ற சில்லறைத் தொகைக்காக ஒரு மாணவருடைய பாடப் பதிவையோ தேர்வு முடிவையோ முடக்குவதை நிறுத்த வேண்டும். முடக்குவதற்கு முன் மின்னஞ்சலோடு குறுஞ்செய்தியும் அனுப்ப வேண்டும். முதுகலைக்கு இடம் கொடுக்கும் கடிதத்தில் முதல் செமஸ்டர் கட்டணத்தை மட்டும் எழுதாமல், முழுப் படிப்புக்கும் ஆகும் தொகையையும், கூடுதல் செமஸ்டர் எடுத்தால் எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். அறிமுக வாரத்தில் வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதுபோல, கட்டண அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதையும் அரை மணி நேரம் காட்டலாம்.

வளாகங்களில் உள்ள இந்திய மாணவர் அமைப்புகளும் இதில் இறங்கலாம். தீபாவளி இரவும் பொங்கல் விழாவும் நாம் அழகாக நடத்துகிறோம். எஸ்.பி.எம். மாணவர்களுக்குப் பயிலரங்கும் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒரு மாலை, மூத்த மாணவர்கள் தங்கள் முதுகலைக்கு எப்படிப் பணம் புரட்டினார்கள் என்பதைத் தொகையோடு சொன்னால் போதும். எங்கே விண்ணப்பித்தார்கள், எது கிடைக்கவில்லை, எந்த மாதம் கை கடித்தது என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லாத தகவல்.

நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு செமஸ்டரும் மூன்று முறை கட்டணக் கணக்கைத் திறந்து பார்ப்போம்: தொடக்கத்தில் ஒரு முறை, பாடத்தைக் கைவிடக் கடைசி நாளுக்கு முன் ஒரு முறை, தேர்வுக்கு முன் ஒரு முறை. கட்டிய ரசீதுகளை ஒரே கோப்பில் சேர்ப்போம். பிடிபிடிஎன் கடன் இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற எண்ணைத் தெரிந்துவைத்திருப்போம். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, முதுகலை ஆசை இருந்தால், அதன் முழுச் செலவை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில் பேசுவோம்.

அந்தப் பேச்சு முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். சம்பளத்தையும் கடனையும் பிள்ளைகள் முன் பேசிப் பழகாத வீடுகள் நம்முடையவை. ‘இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா’ என்று அப்பா எழுந்து போகவும் கூடும். விட்டுவிட வேண்டாம். அடுத்த வாரம் மறுபடியும் அந்தத் தாளை எடுத்து வைப்போம். ‘நீங்க கட்டினது இவ்வளவு, நான் கட்டப்போறது இவ்வளவு’ என்று காட்டும் பிள்ளையின் கையில் இருப்பது வெறும் தாளாக இருக்கலாம். இத்தனை ஆண்டு தனியாகக் கணக்குப் போட்ட ஒருவருக்கு அது பெரிய ஆறுதல்.